ஆயில் லைட் எரியும் வரை காத்திருக்காதீங்க: பழைய காரும் மூணு மீட்டரும்

1/
சுகர், பிரஷர், தடுப்பூசின்னு எழுதிக்கிட்டிருந்த டாக்டர் இன்னிக்கு கார் இஞ்சினைப் பத்தி எழுதுறாரேன்னு நினைக்காதீங்க. பழைய கார் வச்சிருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "டாக்டர், வண்டியில் எக்ஸ்ட்ரா மீட்டர் மாட்டலாமா, கம்பெனி கொடுத்ததை அப்படியே விட்டுடலாமா?" என் பதில்: மாட்டுங்க. ஆனா மூணு போதும். ஏன் மூணு, ஏன் ஆறு இல்லைங்கறதைச் சொல்றேன். இரண்டு பக்கமும் அடி வாங்கினவன் நான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
என் வண்டி அப்பா விட்டுட்டுப் போன அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியோட 'பி சீரிஸ்' குடும்பம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடினதும் இதே குடும்பத்து இஞ்சின்தான். இரும்பு பிளாக், இரும்பு ஹெட், எதையும் தாங்கும்னு பேர். அந்தப் பேரை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

3/
அப்பா காலத்தில் டெம்பரேச்சர் முள் செத்துப்போய் வருஷக்கணக்காச்சு. அவர் கவலைப்படவே இல்லை. வாரத்தில் ஆறு நாள் அதே வண்டி, அதே ரோடு. சத்தம் கொஞ்சம் மாறினா, வாசனை கொஞ்சம் மாறினா, அவருக்கே தெரியும். நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, "தண்ணி குடிக்குதுடா இன்னிக்கு"ன்னு சொல்லுவார். நான் மாசத்துக்கு இரண்டு தடவை எடுக்கிறவன். என் காதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு இஞ்சின் போக வேண்டியிருந்தது.

4/
அப்பா போன மூணாவது வருஷம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோட சேலத்திலிருந்து ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறினதும் வண்டி இழுக்கலை. இரண்டாவது கியர்லயே திணறுது. ஏசி இல்லாத வண்டி, வெயில், அதனாலன்னு நினைச்சேன். அடுத்த வளைவில் பானெட் இடுக்கில் வெள்ளையா ஆவி. டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியலை. ஆயில் லைட்? அது ஏன் எரியும், ஆயில் இருந்ததே! கீழ் ஹோஸ் கிளிப் தளர்ந்து, தண்ணிதான் காலி.

5/
அடுத்து நான் செஞ்சது இன்னிக்கும் நினைச்சா உடம்பு கூசுது. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியில் கை வச்சேன். பின்னாடி நின்ன லாரி டிரைவர் ஓடி வந்து, "சார், கையை எடுங்க!"ன்னு கத்தினார். எடுத்தேன். கேஷுவால்டியில் எத்தனை பேருக்கு முகத்திலும் முன்கையிலும் ரேடியேட்டர் ஆவி பட்ட புண்ணுக்கு ட்ரெஸ்ஸிங் போட்டிருக்கேன்! அதே தப்பை, அதே கையால், என் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் செய்யப் போனேன்.

6/
வண்டி கயிறு கட்டி கீழே வந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட் வளைஞ்சிருந்தது. லேத்தில் ஃபேஸிங் போட்டு, வால்வ் உட்கார வச்சு, ஐந்து வாரம். மெக்கானிக் அண்ணன் ஒண்ணு சொன்னார்: "சார், தண்ணி குறைய ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருந்தா ஒரு கிளிப்போட போயிருக்கும்." ஒரு கிளிப்! நாங்க நோயாளிங்ககிட்ட தினமும் சொல்ற டயலாக் இது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே."

7/
சரி, லைட்டுக்கும் மீட்டருக்கும் என்ன வித்தியாசம்? ஆயில் லைட்டை எடுத்துக்குவோம். நல்லா ஓடுற இந்த இஞ்சினில் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் சுமார் 50 பிஎஸ்ஐ இருக்கும். லைட்டோட சுவிட்ச் எப்ப ஆன் ஆகும்? பொதுவா 4லிருந்து 7 பிஎஸ்ஐக்குள் இறங்கினா. அதாவது 50 வந்து 40 ஆகி, 25 ஆகி, 10 ஆகுற வரைக்கும் லைட் வாயே திறக்காது. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே காய ஆரம்பிச்சிருக்கும்.

8/
மருத்துவத்தில் இதுக்கு நேர் உதாரணம் இருக்கு. விபத்தில் ரத்தம் போற ஒரு இளைஞர். பிபி பார்த்தா நார்மல். எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. ஆனா உடம்பில் இருக்கிற ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போற வரைக்கும்கூட பிபி தாக்குப்பிடிக்கும். அதுக்கு முன்னாடியே நாடித்துடிப்பு ஏறியிருக்கும். பிபி விழுறதை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தா நேரம் போயிருக்கும். பழைய காரோட ஆயில் லைட், அந்த விழுந்த பிபி.

9/
இந்த ஞானோதயம் வந்த வேகத்தில் நான் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். ஆறு மீட்டர். தண்ணி டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், வோல்ட், ஆம்பியர், வேக்கம். டேஷ்போர்டு அடியில் ஐசியு மாதிரி வரிசையா. ராத்திரி அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தா விமானம் ஓட்டுற நினைப்பு. நண்பர்கள் போட்டோ எடுத்தாங்க. நானும் பெருமையா சிரிச்சேன்.

10/
இரண்டு மாசத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முதல் விஷயம்: ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போற நைலான் குழாயை நானே இழுத்து மாட்டினேன். அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகிட்ட போறதை கவனிக்கலை. ஒரு நாள் சூட்டில் உருகி, இஞ்சின் ஆயில் சொட்ட ஆரம்பிச்சது. சூடான மேனிஃபோல்டு மேலே ஆயில். தீப்பிடிக்காதது என் அதிர்ஷ்டம். இஞ்சினைக் காப்பாத்த மாட்டின மீட்டரே இஞ்சினோட ஆயிலைக் காலி பண்ணப் பார்த்தது.

11/
இரண்டாவது விஷயம்தான் பெருசு. ஓமலூர் ரோட்டில், சாயங்காலம். வேக்கம் முள் ஆடுது. ஏன் ஆடுதுன்னு பார்த்துக்கிட்டே போறேன். மனைவி "ஏங்க!"ன்னு கத்தினாங்க. நிமிர்ந்தா, ஸ்கூல் பையன் ஒருத்தன் சைக்கிளோட ரோட்டைத் தாண்டுறான். பிரேக் அடிச்சு ஓரடி தூரத்தில் நின்னுச்சு. பையன் திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டான். வீடு வர்ற வரைக்கும் யாரும் பேசலை. வந்ததும் அவங்க கேட்டது ஒண்ணுதான்: "நீங்க ரோட்டைப் பாக்குறீங்களா, முள்ளைப் பாக்குறீங்களா?"

12/
அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ஜூனியர்ஸ்கிட்ட கேட்கிற கேள்வியை என்கிட்டயே கேட்டேன்: "இந்த டெஸ்ட் ரிசல்ட் மாறினா நீ செய்யப் போற சிகிச்சை மாறுமா? மாறாதுன்னா எதுக்கு எழுதினே?" ஆறு மீட்டரையும் இந்த ஒரு கேள்வியால் சலிச்சேன். ஓடுற வண்டியில், ஸ்டியரிங் பிடிச்சிருக்கும்போது, இந்த முள் நகர்ந்தா நான் என்ன செய்வேன்? பதில் இல்லாத மீட்டர் எல்லாம் வெளியே.

13/
வேக்கம் மீட்டர் அருமையான கருவி. வால்வ் கோளாறு, காற்றுக் கசிவு, டைமிங் தள்ளிப்போனது எல்லாத்தையும் முள் ஆடுற விதத்தை வச்சே சொல்லும். ஆனா அது இசிஜி மாதிரி. படுக்க வச்சு எடுத்துப் பார்க்கணும், நடந்துக்கிட்டே பார்க்கிறது இல்லை. அது இப்ப ஷெட்டில் டூல் பாக்ஸில் இருக்கு. ஆயில் டெம்பரேச்சர் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு. நான் ஓட்டுறது கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும்.

14/
ஆம்பியர் மீட்டரைப் பத்தி மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். செல்ஃப் மோட்டாரைத் தவிர வண்டியோட கரண்ட் மொத்தமும் அந்த மீட்டர் வழியாத்தான் போகணும். தடிமனான வயர் இஞ்சின் பக்கத்திலிருந்து டேஷ்போர்டு வரை வந்து திரும்பப் போகும். ஒரு நட் தளர்ந்தா அந்த இடம் சூடாகும். 40, 50 வருஷ வயர், காய்ஞ்ச இன்சுலேஷன், கால்கிட்ட கார்ப்பெட். மிச்சத்தை நீங்களே யோசிங்க. கம்பெனியே மாட்டியிருந்தா நல்லா முடுக்கிப் பராமரிங்க. புதுசா மாட்டாதீங்க. அதே தகவலை வோல்ட் மீட்டர் சின்ன ஃப்யூஸோட, மெல்லிசான வயரில் கொடுக்கும்.

15/
ஆக மிச்சம் மூணு. தண்ணி டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

தண்ணி: தெர்மோஸ்டாட் பொதுவா 82 டிகிரியில் திறக்கும். அதனால் 80லிருந்து 90க்குள் முள் நின்னா நார்மல். மலை ஏறும்போது, டிராஃபிக்கில் நிக்கும்போது 95 வரை போய்த் திரும்பினா பதற வேண்டாம். 100ஐத் தொட்டா நிறுத்த இடம் பாருங்க. ஏற்காடு மாதிரி 1500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். ரேடியேட்டர் மூடியோட பிரஷர்தான் அதைக் கொதிக்காம பிடிச்சு வைக்குது. மூடி ரப்பர் போயிருந்தா, மலையில்தான் தெரியும். மூடி விலை ஒரு நல்ல சாப்பாட்டு விலை. மாத்துங்க.

16/
இங்கே ஒரு பொறி இருக்கு. கவனமா படிங்க. தண்ணி மொத்தமா போயிட்டா சென்சார் வெறும் காற்றில் தொங்கும். அப்ப முள் ஏறாது, இறங்கும்! "அப்பாடா, ஆறிடுச்சு"ன்னு மிதிச்சீங்கன்னா இஞ்சின் அவ்வளவுதான். கடுமையான ஆஸ்துமாவில் வீசிங் சத்தம் திடீர்னு நின்னா நாங்க சந்தோஷப்பட மாட்டோம், ஓடுவோம். காற்றே உள்ளே போகலைன்னு அர்த்தம். ஏறிக்கிட்டிருந்த முள் காரணமே இல்லாம சட்டுன்னு விழுந்தா, உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க.

17/
ஆயில் பிரஷர்: காலையில் குளிர்ந்த இஞ்சினில் ஜாஸ்தி காட்டும், சூடானதும் குறையும், சூடான ஐடிலில் இன்னும் குறையும். இது இயல்பு. என் வண்டி: காலையில் 60, ஓட்டத்தில் 45-50, சூடான ஐடிலில் 15-20. முதல் நாள் 15ஐப் பார்த்து மெக்கானிக்குக்கு போன் அடிச்சவன் நான். இங்கே பார்க்க வேண்டியது ஒரு நாள் நம்பரை இல்லை. அதே ஆயில், அதே சூடு, அதே வேகம், ஆறு மாசத்துக்கு முன்னாடி 48, இப்ப 36. அதுதான் செய்தி.

18/
வோல்ட்: ராத்திரி முழுக்க நின்ன நல்ல பேட்டரி 12.6. வண்டி ஓடும்போது 13.8லிருந்து 14.4. ஓடும்போதே 12.5க்குக் கீழே நின்னா சார்ஜ் ஏறலை. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும். டைனமோ இருக்கிற வண்டியில் ஐடிலில் முள் தொங்குறது சகஜம், கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பாருங்க.

19/
மாட்டுறது பத்தி, நான் கெடுத்துக் கத்துக்கிட்டவை:

• மீட்டரும் சென்சாரும் ஜோடி. ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சார் போட்டா முள் நகரும், ஆனா பொய் சொல்லும்.
• எலெக்ட்ரிக் சென்சாருக்கு எர்த் அதோட மரை வழியாத்தான் போகும். லீக் ஆகக்கூடாதுன்னு டெஃப்லான் டேப்பைச் சுத்தோ சுத்துன்னு சுத்தினா எர்த் கெட்டு ரீடிங் தப்பாகும்.
• பிரிட்டிஷ் மரை 1/8 பிஎஸ்பி, இன்ச்சுக்கு 28 புரி. அமெரிக்க என்பிடி 27. கையால் இரண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பானர் போட்டு அழுத்தாதீங்க. சரியான அடாப்டர் வாங்குங்க.
• ஆயிலுக்கு மெக்கானிக்கல் மீட்டர்தான் வேணும்னா நைலானை விட்டுட்டு, எண்ணெய்க்கான நல்ல ஃப்ளெக்சிபிள் ஹோஸ் போடுங்க, சூட்டிலிருந்து தள்ளி. எலெக்ட்ரிக் போட்டா கேபினுக்குள்ள ஆயிலே வராது. குடும்பத்தோட போறவங்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

20/
• பழைய ஆயில் லைட்டைக் கழற்றாதீங்க! T ஜாயிண்ட் போட்டு லைட் சுவிட்ச், மீட்டர் சென்சார் இரண்டையும் வைங்க. முள்ளை நாம பார்த்தாத்தான் தெரியும். லைட் நம்மைக் கூப்பிடும். ஐசியுவில் மானிட்டரும் இருக்கும், அலாரமும் இருக்கும். ஒண்ணு இன்னொண்ணுக்கு மாற்று கிடையாது.
• ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். வயரிங் தொடறதுக்கு முன்னாடி பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க.
• டெம்பரேச்சர் சென்சார் மாட்டுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில் முனையை விட்டு, மீட்டரோட சேர்த்து சோதிங்க. சென்னையில் 100 காட்டணும். ஊட்டியில் 92-93 காட்டினா மீட்டர் சரி, ஊர்தான் உயரம்.

21/
"கிளாசிக் காரில் ஒரிஜினல் இல்லாத ஒரு ஸ்க்ரூகூட இருக்கக்கூடாது"ன்னு சொல்ற நண்பர்களுக்கு: உங்க கவலையில் பாதி நியாயம். டேஷ்போர்டில் ஓட்டை போடுறது எனக்கும் பிடிக்காது. போட்ட ஓட்டையை மூட முடியாது. என் மூணு மீட்டரும் டேஷ்போர்டு அடியில் ஒரு தகட்டில் தொங்குது, ஏற்கெனவே இருந்த இரண்டு ஸ்க்ரூவில். கண்காட்சிக்குப் போகும்போது 20 நிமிஷத்தில் கழற்றிடலாம். ஆனா ஒரிஜினல் டேஷ்போர்டுக்காக ஒரிஜினல் இஞ்சினைப் பலி கொடுக்கிறதில் எந்தப் பாரம்பரியமும் இல்லை. வளைஞ்ச ஹெட்டை யாரும் கண்காட்சியில் வைக்க மாட்டாங்க.

22/
மாட்டின முதல் மாசம் என்ன செய்யணும்? எழுதுங்க. ஒரு சின்ன நோட்டு. காலை ஸ்டார்ட், சமதள ரோடு, டிராஃபிக், ஏற்றம், சூடான ஐடில், இந்த ஐந்து நேரத்தில் மூணு முள்ளும் எங்கே நிக்குது? முடிஞ்சா பக்கத்தில் இருக்கிறவங்களை எழுதச் சொல்லுங்க, ஓட்டுறவர் எழுத வேண்டாம். அதுதான் உங்க வண்டியோட நார்மல். என் 45 உங்களுக்கு 55 ஆக இருக்கலாம். அப்பா இதைத்தான் மனசுக்குள்ள வச்சிருந்தார். எனக்கு நோட்டு வேண்டியிருக்கு.

அதுக்கு அப்புறம் முள்ளை முறைச்சுப் பார்க்காதீங்க. கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, திரும்ப ரோட்டுக்கு. மூணு மீட்டரையும் கொஞ்சம் திருப்பி, நார்மலில் மூணு முள்ளும் மேல்நோக்கி நிக்கிற மாதிரி வச்சிருக்கேன். ஒண்ணு சாய்ஞ்சாலும் படிக்காமலே தெரியும்.

23/
போன வருஷம் மறுபடி அதே ஏற்காடு பயணம். மலை அடிவாரத்துக்கு முன்னாடியே தண்ணி முள் என் வழக்கமான 84ஐத் தாண்டி 91. சமதள ரோட்டில்! இது மட்டும்னா வெயில்னு விட்டிருப்பேன். பக்கத்தில் வோல்ட் 12.3. இரண்டும் சேர்ந்து மாறுதுன்னா இரண்டுக்கும் பொதுவானது எது? ஃபேன் பெல்ட். தண்ணி பம்பும் ஃபேனும் சார்ஜிங்கும் அந்த ஒரே பெல்ட்டில்தான். ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, ஆற விட்டுப் பார்த்தா பெல்ட் தொளதொளன்னு. ஒரு ஸ்பானர், பத்து நிமிஷம். டீ குடிச்சுட்டு மலை ஏறினோம். 20 வளைவும்.

24/
முள் ஏறிட்டா என்ன செய்யணும், எல்லாருக்கும்:

• ஓரங்கட்டுங்க, ஆவி வந்தா உடனே ஆஃப்.
• மூடியைத் தொடாதீங்க. மேல் ஹோஸைக் கையில் பிடிக்க முடியுற அளவு ஆறணும். அரை மணிக்கு மேல ஆகும், ஆகட்டும்.
• சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணி ஊற்றாதீங்க, இரும்பு வெடிப்பு விடும்.
• யாருக்காவது ஆவி பட்டுட்டா, உடனே 20 நிமிஷம் ஓடுற சாதாரண தண்ணியில் காட்டுங்க. குழாய் இல்லைன்னா பாட்டில் தண்ணியை மெதுவா ஊற்றிக்கிட்டே இருங்க. ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல் கழற்றுங்க. முகம், கண் பட்டிருந்தா நேரா ஆஸ்பத்திரி.

25/
கடைசியா, கார் இல்லாதவங்க இவ்வளவு தூரம் படிச்சிருந்தா உங்களுக்கு ஒரு வரி. வீட்டில் பிபி மெஷின் வாங்கி ஒரு நாளைக்கு 15 தடவை பார்த்துப் பயந்து ஓடி வர்றவங்களையும் பார்க்கிறேன். "எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு ஐந்து வருஷம் பார்க்காம ஸ்ட்ரோக்கோட வர்றவங்களையும் பார்க்கிறேன். அந்த ஆறு மீட்டர்காரனும் நான்தான், செத்த முள்ளோட மலை ஏறினவனும் நான்தான். உங்க நார்மல் என்னன்னு தெரிஞ்சுக்குங்க, எந்த நம்பர் வந்தா டாக்டரைப் பார்க்கணும்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க. மிச்ச நேரம் ரோட்டைப் பாருங்க.

26/
நான் மெக்கானிக் இல்லை. வயரிங், ஆயில் லைன் வேலையைத் தெரிஞ்சவர் கையில் கொடுங்க. நானே மாட்டிக் கெடுத்ததைத்தான் மேலே படிச்சீங்களே. உங்க வண்டியில் என்ன மீட்டர் இருக்கு, அது உங்களை எப்பவாவது காப்பாத்தியிருக்கா, ஏமாத்தியிருக்கா? கீழே எழுதுங்க. எங்க ஷெட் அண்ணனும் படிப்பார்.